நம் வரியிலேயே நம் சரக்கை வாங்கியவர்கள்: செல்வ வெளியேற்றம், ஓர் எளிய விளக்கம்

ஒவ்வோர் ஆகஸ்ட் 15 அன்றும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டைதான். அக்கா மகன் காலையிலேயே ஒரு படத்தைப் போடுவான்: "வெள்ளைக்காரன் கொள்ளையடித்தது 45 லட்சம் கோடி டாலர்!" பத்து நிமிடத்தில் சித்தப்பா பதில் போடுவார்: "ரயில் விட்டது யாருப்பா?" மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இது ஓடும்.

இரண்டு பேர் மனதிலும் இருப்பது ஒரே படம். மூட்டை மூட்டையாகத் தங்கத்தை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்புகிறது. அவன் "பார், கொள்ளை" என்கிறான். இவர் "அதற்குப் பதிலாக ரயில் வந்ததே" என்கிறார். அந்தப் படம் முழுப் பொய்யில்லை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் கஜானாவைத் தளபதி முதல் சிப்பாய் வரை பங்கு போட்டுக்கொண்டார்கள். திப்புவின் கூடாரம் இன்றும் வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் இருக்கிறது. ஆனால் கஜானாவை ஒருமுறைதான் உடைக்க முடியும். ஆண்டுதோறும் தலைமுறை தலைமுறையாக நடந்தது வேறு. அது கணக்குப் புத்தகத்தில், ரசீதோடு, சட்டப்படி நடந்தது.

அதற்குப் பெயர்தான் செல்வ வெளியேற்றம். ஒரு நாட்டில் வசூலான வரியில் ஒரு பங்கு, அதற்கு ஈடாக எதுவும் திரும்பி வராமல், வருஷாவருஷம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பது என்று இதற்குப் பொருள். எப்படிப் போனது என்பதுதான் சுவாரசியம்.

## மாமூல்காரர் காய்கறி வாங்குகிறார்

ஒரு தெருவில் இருபது தள்ளுவண்டிகள். பேட்டைக்காரர் ஒருவர் தினமும் ஒரு பை நிறையக் காய்கறி வாங்கிப் போகிறார், காசு கொடுத்துத்தான். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அந்தத் தெருவே அவர் கட்டுப்பாட்டில் வந்துவிடுகிறது. காலையில் வண்டிக்கு நூறு ரூபாய் மாமூல் வசூல், இரண்டாயிரம் சேர்கிறது. அதில் ஆயிரத்தைத் தன் ஆட்களுக்கும் தெருவிளக்குக்கும் செலவழிக்கிறார். மீதி ஆயிரத்தை எடுத்துக்கொண்டு மாலையில் அதே வண்டிகளுக்கு வந்து கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிப் பக்கத்து ஊர்ச் சந்தையில் விற்கிறார். "நான் என்ன ஓசியிலா வாங்கினேன்? கைமேல் காசு கொடுத்தேனே" என்று அவர் கேட்டால், சொல்வது உண்மைதான். காய் கொடுத்தவர் கையில் காசு விழுந்திருக்கிறது. ஆனால் அது காலையில் அவரிடமிருந்தே போன காசு. தெருவை மொத்தமாகப் பார்த்தால், ஆயிரம் ரூபாய்க் காய் இலவசமாக வெளியூர் போய்விட்டது.

வசூல் செய்த ஆள் ஒருவர், சரக்கு வாங்க வந்த ஆள் வேறொருவர் என்றால் தெருவில் யாருக்கும் சந்தேகம்கூட வராது. இந்தக் கதையின் முக்கியமான இடம் அதுதான்.

## 1765: கும்பினி கணக்கை மாற்றியது

நம் ஊரில் கும்பினி என்று சொன்ன கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, தொடக்கத்தில் ஒரு பெரிய தலைவலி இருந்தது. வங்காளத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்த பருத்தித் துணிக்கு ஐரோப்பாவில் அடிதடி. ஆனால் இங்கிலாந்துச் சரக்கு எதையும் இங்கே விற்க முடியவில்லை. மதராஸ் வெயிலில் கம்பளித் துணியை யார் உடுத்துவார்கள்? ஆகவே வெள்ளியைக் கப்பலில் கொண்டுவந்து கொட்டித்தான் துணி வாங்கினார்கள். வெள்ளி வெளியே போகிறதே என்று லண்டனில் புலம்பல் வேறு.

1757-ல் பிளாசிப் போரில் கும்பினி வங்காள நவாபைத் தோற்கடித்தது. 1765 ஆகஸ்ட் 12-ல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசா மூன்றுக்கும் திவானி உரிமையைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். திவானி என்றால் நிலவரி வசூலிக்கும் அதிகாரம். அதற்கு விலையாகப் பேரரசருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்பந்தம்.

வங்காளத்துக்கு வெள்ளிக் கப்பல் வருவது அதன்பின் ஏறக்குறைய நின்றுபோனது. வரியாக வந்த பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அதிலேயே துணியும் பட்டும் வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். இந்த ஒதுக்கீட்டுக்குக் கும்பினிக் கணக்கர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'முதலீடு'. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா என்று தெரியவில்லை.

1769-70-ல் வங்காளத்தில் பஞ்சம். மக்களில் மூன்றில் ஒரு பங்கு மாண்டதாகக் கும்பினி அதிகாரிகளே மதிப்பிட்டார்கள். ஆனால் 1771-ன் நிகர வரிவசூல் பஞ்சத்துக்கு முந்தைய 1768-ஐயும் மிஞ்சியது. இதை லண்டனுக்கு எழுதியவர் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: முதலில் வெள்ளி கொடுத்து வாங்கிய வியாபாரி, வரி வசூலிப்பவனாகவும் ஆனதும், வரிப்பணத்தையே திருப்பிக் கொடுத்துச் சரக்கு எடுத்தான்.

## நவாபின் கடனும் நாடாளுமன்ற நாற்காலியும்

வங்காளம் தூரம் என்று தோன்றினால் சேப்பாக்கத்துக்கு வாருங்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, கும்பினிப் படையின் துணையால் பதவியில் இருந்தவர். அந்தப் படைக்கு அவர்தான் கூலி கொடுக்க வேண்டும். கையில் பணம் இல்லை. யாரிடம் கடன் வாங்கினார்? மதராஸில் இருந்த கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே, கடும் வட்டிக்கு. அடமானமாக ஜில்லா ஜில்லாவாக நிலவரியை எழுதிக் கொடுத்தார். ஆக, விளைந்த நெல்லுக்கு உழவர் கட்டிய வரி, கும்பினிக்குக்கூடப் போகாமல் தனியாள் சட்டைப்பைக்குப் போனது.

இதில் பெயர்பெற்றவர் பால் பென்ஃபீல்டு. சில நூறு பவுண்டு சம்பளக்காரர், தஞ்சாவூர் விளைச்சல் மீது இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் பாக்கி கேட்டார். கவர்னர் பிகட் அதை ஏற்க மறுத்தார். 1776 ஆகஸ்டில் பிகட்டின் சொந்த கவுன்சிலே அவரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். மதராஸ் கவர்னரை மதராஸ் கவுன்சில் சிறை வைத்தது! இதைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தால் வரலாறு வகுப்பில் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

பணம் ஊர் திரும்பியதும் அங்கே என்ன ஆனது? அந்தக் காலத்துப் பிரிட்டனில் சில தொகுதிகளை விலைக்கு வாங்கலாம். இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பியவர்களை 'நபாப்' என்று கேலியாக அழைத்தார்கள், நம் நவாப்தான். நபாபுகள் பண்ணை வாங்கினார்கள், மாளிகை கட்டினார்கள், அப்புறம் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார்கள். 1785-ல் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் ஆற்காட்டுக் கடன்கள் பற்றிப் பேசியபோது, பென்ஃபீல்டு ஒருவரே எட்டு உறுப்பினர்களை உள்ளே அனுப்பியதாகக் குற்றம் சாட்டினார்.

இன்னொரு மதராஸ் கவர்னர் தாமஸ் பிட், பெரிய வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கி, 1717-ல் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அவர் பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்கள்.

## 'ஹோம்' என்றால் யார் வீடு?

1813-ல் கும்பினியின் இந்திய வணிக ஏகபோகம் போனது. 1833-ல் வணிகமே நின்றது. 1858-ல் ஆட்சி பிரிட்டிஷ் அரசின் நேரடிக் கைக்கு வந்தது. சரி, வெளியேற்றம் நின்றதா? இல்லை, வழி மாறியது.

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் வேறு ஊரில் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் அலுவலக வாடகை, அவர் குமாஸ்தா சம்பளம், பழைய செயலாளர்களின் ஓய்வூதியம் எல்லாம் உங்கள் மெயின்டனன்ஸ் பில்லில் வருகிறது. அவரை மாற்ற உங்களுக்கு ஓட்டு கிடையாது. இந்தப் பில்லுக்கு அன்றைய பெயர் ஹோம் சார்ஜஸ். இந்தியாவின் பெயரால் பிரிட்டனில் செலவான தொகை என்று பொருள். 'ஹோம்' என்றால் இங்கிலாந்து, நம் வீடு இல்லை.

அதில் இருந்தவை: இந்தியாவின் பெயரில் வாங்கிய கடனுக்கு வட்டி, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பென்ஷன், ராணுவச் செலவு, லண்டனில் வாங்கிய தளவாடம், இந்தியா ஆபீஸ் செலவு. அந்த ஆபீஸின் தலைவரான இந்தியா மந்திரி பிரிட்டிஷ் அமைச்சர்தான். ஆனாலும் 1919 சட்டம் வரும்வரை அவர் சம்பளம் இந்திய வரிப்பணம். 1833-க்குப் பிறகு கும்பினிப் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்குப் பத்தரை சதவீதம் லாப ஈவு, அதுவும் இங்கிருந்து. 1857 எழுச்சியை அடக்கிய செலவு இந்தியாவின் கடனில் ஏறியது. 1867-ல் துருக்கி சுல்தான் லண்டனுக்கு வந்தபோது இந்தியா ஆபீஸில் நடந்த நடன விருந்துக்கும் பில் நமக்கே வந்தது.

20-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது ஹோம் சார்ஜஸ் ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி பவுண்டு.

## உண்டியல் தெரிந்தால் இதுவும் தெரியும்

வசூல் ரூபாயில், செலவு லண்டனில் பவுண்டில். ரூபாய் எப்படிப் பவுண்டாகும்?

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு உண்டியல் தெரிந்திருக்கும். துபாயில் ஒருவரிடம் திர்ஹம் கொடுத்தால், கீழக்கரையில் அவருடைய ஆள் உங்கள் வீட்டில் ரூபாயைக் கொடுத்துவிடுவார். பணம் கடலைத் தாண்டுவதே இல்லை. இந்தியா மந்திரி செய்ததும் கிட்டத்தட்ட அதுவே. அதற்குப் பெயர் கவுன்சில் பில், அதாவது லண்டனில் பவுண்டு கட்டியவருக்கு இந்தியக் கஜானாவில் ரூபாய் தரச் சொல்லும் சீட்டு.

லண்டன் வியாபாரி ஒருவருக்கு இந்தியப் பருத்தி வேண்டும். அவர் பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் புதன்கிழமை தோறும் நடக்கும் பில் விற்பனைக்குப் போய், பவுண்டு கட்டிச் சீட்டு வாங்குகிறார். சீட்டு தபாலில் இங்கே வருகிறது. பருத்தி அனுப்பிய ஏற்றுமதியாளர் அதைக் கல்கத்தாவிலோ பம்பாயிலோ மதராஸிலோ அரசு கஜானாவில் நீட்டி ரூபாய் பெறுகிறார். அவர் விவசாயிக்குக் கொடுக்கிறார். கஜானாவில் இருந்த ரூபாய் யாருடையது? அந்த விவசாயி கட்டிய கிஸ்தி. லண்டனில் கட்டிய பவுண்டு? அது இந்தியா மந்திரியிடம், ஹோம் சார்ஜஸுக்கு.

மாமூல்காரர் கதையை இப்போது திரும்பப் பாருங்கள். வசூலிப்பவர் தாசில்தார், வாங்குபவர் ஏற்றுமதிக் கம்பெனி. ஆள் வேறு வேறு என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு திருத்தம்: அந்தக் காலத்தில் இந்தியாவுக்குத் தங்கமும் வெள்ளியும் வரவே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. வந்தது. பில் வழியாகக் கணக்குத் தீர்ந்துபோன பங்குதான் வரவில்லை.

## சித்தப்பாவின் ரயில்

1853-ல் பம்பாய் முதல் தாணா வரை. 1856 ஜூலை 1-ல் ராயபுரம் முதல் வாலாஜா ரோடு வரை. ராயபுரம் ஸ்டேஷன் இன்றும் தூண்களோடு நிற்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள்.

போட்ட முதல் பிரிட்டிஷ் தனியார்களுடையது. ஆனால் அவர்களுக்கு அரசு ஒரு வாக்குறுதி தந்தது: போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் நிச்சயம். ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் குறையை இந்திய வரிப்பணம் நிரப்பும். செலவைக் குறைக்க யாருக்கு அக்கறை வரும்? இந்தியாவின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாஸி 1872-ல் நாடாளுமன்றக் குழுவிடம் உடைத்தே சொன்னார்: 5 சதவீதம் உறுதியாக இருக்கும்வரை, தன் பணத்தை ஹூக்ளி ஆற்றில் போட்டாலும் செங்கல்லாக மாற்றினாலும் முதலாளிக்கு ஒன்றுதான்.

தண்டவாளமும் எஞ்சினும் பெரும்பாலும் பிரிட்டனில் செய்தவை. ரயிலால் நமக்குப் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் கூட்டம் கூட்டமாக ஏறிய நம் ஆட்களே அதற்குச் சாட்சி. சித்தப்பாவிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அது பரிசு இல்லை, டிக்கெட்டும் நாம் வாங்கினோம், நட்டத்தையும் நாமே கட்டினோம்.

## டேங்கர் லாரியில் போகும் தண்ணீர்

"முகலாயரும் நாயக்கரும் வரி வாங்கவில்லையா?" நியாயமான கேள்வி. வாங்கினார்கள், கசக்கியே வாங்கினார்கள். கிணற்று நீரை இறைத்து அதே வயலில் விட்டால் கொஞ்சமாவது ஊறி அதே கிணற்றுக்குத் திரும்பும். டேங்கரில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினால் திரும்பாது. பழைய அரசன் வரியை ஊதாரித்தனமாகச் செலவழித்தாலும், கொல்லனும் நெசவாளியும் நட்டுவனாரும் அதில் பிழைத்தார்கள். கல்கத்தாவில் சேவை செய்த அதிகாரி பென்ஷனை இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் செலவழித்தால் அங்கிருக்கும் தையற்காரருக்குத்தான் பிழைப்பு.

இதை முதலில் கணக்குப் போட்டு விளக்கியவர்களில் பெரியவர் தாதாபாய் நவுரோஜி. பம்பாயில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1867-ல் லண்டனில் இது பற்றிக் கட்டுரை வாசித்தார். 1892-ல் அங்கேயே நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்பது அவர் மதிப்பீடு. 1897-ல் லண்டனில், இந்தியச் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன், இந்தியாவிலிருந்து போய்ச் சாட்சி சொன்ன இந்தியர் நால்வரில் நம் சுதேசமித்திரன் பத்திரிகையின் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர்.

வெளியே போன தொகையைவிட, அது வசூலான விதம் கிராமத்தை அதிகம் ஆட்டியது. வரியைப் பணமாக, தவணைக்குள் கட்ட வேண்டும். அறுவடையான உடனே எல்லோரும் விற்றார்கள், விலை விழுந்தது, மீதிக்கு வட்டிக்கடைக்குப் போனார்கள். கிஸ்தி, ஜமாபந்தி என்ற சொற்கள் இன்றும் நம் தாலுகா அலுவலகத்தில் புழங்குகின்றன. 1876-78 பஞ்சத்தில் மதராஸ் மாகாணம் செத்து விழுந்தபோதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. வாங்குபவரிடம் காசு இருந்தது, பசித்தவரிடம் இல்லை. நிவாரணக் கூலிகளைக் கொண்டு அப்போது வெட்டிய பகுதியும் சேர்ந்ததுதான் இன்றைய பக்கிங்காம் கால்வாய்.

சுருக்கமாக: வரி வாங்கியது புதிதல்ல. வரி ஊரில் சுழலாமல் போனதும், அதற்காகப் பணத்தைத் தவணையில் பிழிந்ததும் புதிது.

## அங்கே எல்லோரும் பணக்காரர் ஆனார்களா?

இல்லை. இந்தியக் கடன் பத்திரத்தின் வட்டி பத்திரம் வைத்திருந்தவருக்குப் போனது, இங்கிலாந்தின் லங்காஷயர் மில்லில் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்த பெண்ணுக்கு இல்லை. அவளுக்குக் கிடைத்தது இந்தியச் சந்தையை நம்பிய ஒரு வேலை. அந்தச் சந்தை ஆட்டம் கண்டதும் வேலையும் போனது. 1931-ல் காந்தி லங்காஷயருக்குப் போனபோது, அந்நியத் துணி மறுப்பால் அடிபட்ட மில் தொழிலாளிகள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் வெள்ளையர் எல்லோரும் ஒரே கட்சி என்று சொல்ல வாய் வராது.

பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கத்துக்கு இந்தியா நல்ல உத்தியோகம் தரும் இடம். அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு என்ற யோசனைகூட இந்த வழியாகத்தான் வலுப்பட்டது. அதைப் பிரிட்டனுக்குப் பரிந்துரைத்த 1854 அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர் சார்லஸ் டிரெவிலியன், இந்தியாவில் கும்பினி உத்தியோகம் பார்த்தவர். பின்னாளில் மதராஸ் கவர்னராக வந்து, 1860-ல் புதிதாகப் போட்ட வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் திருப்பி அழைக்கப்பட்டார்.

## அப்போ அந்த 45 லட்சம் கோடி?

அது பொருளாதார அறிஞர் உத்சா பட்நாயக்கின் கணக்கு. 1765 முதல் 1938 வரையிலான ஏற்றுமதி உபரியை எடுத்து, அதற்கு 5 சதவீதக் கூட்டுவட்டி போட்டது. கூட்டுவட்டியின் பலம் தெரிய ஒரு கணக்கு: 1765-ல் ஒரு ரூபாய், 5 சதவீதத்தில் 2016-ல் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். ஆக அந்த எண்ணில் பெரும்பகுதி வட்டி. இன்னொரு பக்கம் பொருளாதார வரலாற்றாசிரியர் ஆங்கஸ் மேடிசன், 1868-க்குப் பிந்தைய காலத்துக்கு வெளியேற்றம் தேசிய வருமானத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் என்கிறார். கேட்கச் சிறியதுதான். ஆனால் முப்பதாயிரம் சம்பளத்தில் மாதம் ஆயிரம் மட்டுமே மிஞ்சும் வீட்டில், மாதாமாதம் முந்நூறு ரூபாய் காணாமல் போனால் அந்த வீடு எப்போது மாடி கட்டும்? எனக்கு இரண்டு எண்களையும்விட இந்தக் கேள்வி பயன்படுகிறது.

## கடைசி பில்

இரண்டாம் உலகப்போரில் கணக்கு தலைகீழானது. பிரிட்டன் இந்தியாவில் போர்ச் சரக்கு வாங்கியது, கையில் காசு இல்லை. லண்டனில் 'தர வேண்டியது' என்று எழுதி வைத்தார்கள். அந்த எழுத்தை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்துச் சரக்குக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். நோட்டு பெருகியது, விலை ஏறியது. 1943-ல் வங்காளத்தில் அரிசி விலை கூலிக்காரர் கைக்கு எட்டாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள்.

போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 ஜூலையில், இதைத் தீர்க்க இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசின. அந்தப் பாக்கியிலிருந்தே சுமார் 17 கோடி பவுண்டைக் கழித்துக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பிவிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகளின் பென்ஷனுக்கு.